நாற்பத்தைந்து சென்ரிமீற்றர்

கொழும்பிலிருந்து வந்த படத்தில்
அக்கரைப்பற்று பஸ் நிலையத்துக்கு முன்னால்
நீரூற்று ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.
யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்
பலூன் பிடித்து நின்றது.
நிழல் தராத இனத்தில் ஏழு மரங்கள்.
கச்சான் விற்கும் றிபாய்தீனைக் காணவில்லை.
கச்சான் காற்றையும் காணவில்லை.
ஆனி ஆடியில் மேற்கே
போறணை வாயைத் திறந்துவிட்டது போல் வருமே,
அதற்கு அந்தப் படத்தில் ஒரு நிறமும் இல்லை.

நான் மாநகர சபையின் படவரைஞர்.
கோடு கீறுவதற்குத்தான் சம்பளம்.
போயா லீவில், யாரும் சொல்லாமல்,
ஒரு பெட்டி சோக்கோடு போனேன்.
ஏழு மணிக்கு நிழல் எதுவரை, கீறினேன்.
ஒன்பதுக்கு எதுவரை, கீறினேன்.
பன்னிரண்டுக்குக் கீற ஒன்றும் இருக்கவில்லை.
மூன்று மணிக்கு
மின்கம்பத்தின் நிழலில் ஒன்பது பேர்
ஒருவர் பின் ஒருவராய் நின்றார்கள்.
நிழல் நகர வரிசையும் நகர்ந்தது,
மணிக்கூட்டின் சின்னக் கம்பி மாதிரி.

ஆட்டோவுக்குள்ளிருந்து ஒருவர் தலையை நீட்டி
சோக்குக் கோடுகளைப் பார்த்தார்.
இந்த ஊரில் தரையில் கோடு கீறினால்
எல்லாரும் ஒருமுறை குனிந்து பார்ப்பார்கள்.
"இதுல என்ன நடந்த ராத்தா?"
இன்னும் ஒண்டும் நடக்கல்ல என்றேன்.

பயணி ஒருவருக்கு இத்தனை சதுர அடி,
அது மேலிடத்துக் கணக்கு.
கட்டாருக்குப் போகிற சஜாத் ஒருவன்.
வழியனுப்ப வந்தவர்கள் பதினொரு பேர்,
ஒருவரின் இடுப்பில் கைக்குழந்தை வேறு.
கணக்கின்படி இவர்கள் பயணிகள் அல்ல.
அழுவதற்கு எத்தனை சதுர அடி என்று
எந்த அட்டவணையிலும் நான் படிக்கவில்லை.

மொனராகலை பஸ் எத்தனைக்கு என்று
சிங்களத்தில் கேட்டாள் ஒருத்தி.
றிபாய்தீன் ஒரு கையை விரித்துக் காட்டினான்,
மறுகா இன்னும் இரண்டு விரல்.
பெயர்ப்பலகை இருந்தது,
மூன்று மொழியிலும்
அரசியல்வாதியின் பெயர் மட்டும்.

பதினொரு வாங்கு கீறிக் கொடுத்தேன்.
"வாங்கு போட்டா படுப்பாங்க" என்றார் பொறியியலாளர்.
கிளினிக் கார்டைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு
முதல் நாள் கடைசி பஸ்ஸில் வந்திறங்கி
விடியுமட்டும் பூட்டிய கடை வாசலில் குந்தியிருக்கும்
தம்பிலுவில் யோகமலரை அவருக்குத் தெரியாது.
எனக்கும் அந்தப் போயாவரை தெரியாது.

மறுகா பணம் சுருங்கியது.
வாங்குகள் போயின.
நீரூற்று போனது, அதற்கு நான் அழவில்லை.
மரம் மூன்றானது. வேம்பு என்று மாற்றி எழுதினேன்,
யாரும் கவனிக்கவில்லை.
வெட்ட முடியாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று:
திறப்புவிழாக் கல்லும்
அதைத் தாங்கும் பீடமும்.

பீடத்தின் உயரம்? என்று ஒரு குறிப்பு வந்தது.
முழங்கால் மடங்கும் உயரம் என்று எழுதினால்
கேள்வி வரும்.
நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் என்று எழுதினேன்.
நீளம் கம்பீரமாக இருக்கட்டும் என்றார்கள்.
இருக்கட்டும் என்று
முப்பது அடி இழுத்தேன்.
விளிம்பை உருட்டினேன்.
கல்லை மேற்குப் பக்கம் நிறுத்தினேன்,
காற்றுக்கு முதுகாக.
கையெழுத்தாகி வந்தது.

மலசலகூடம் இன்னும் பூட்டுத்தான்.
திறப்பு யாரிடம் என்று கேட்டு
மூன்று கடிதம் போட்டிருக்கிறேன்.
இரண்டு விளக்கு எரிவதில்லை.

விழா முடிந்து நான்காம் நாள்
சுபஹுக்குப் பிறகு அந்த வழியால் போனேன்.
பீடம் முழுக்க ஆட்கள்.
ஒரு பையன் கால்நீட்டித் தூங்கினான்.
றிபாய்தீன் பெட்டியை இறக்கி வைத்து
தானும் இருந்திருந்தான்,
முதல் தடவையாக அவனை இருந்தபடி பார்த்தேன்.
யோகமலர் கல்லில் சாய்ந்து
பணிஸைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.
பொன்னெழுத்தில் வெட்டிய பெயர் முழுக்க
அவள் முதுகுக்குப் பின்னால்.
'கௌரவ' என்பது மட்டும்
தோளுக்கு மேலே தெரிந்தது.