ஐம்பத்தேழுக்குப் பதினாலு

குளித்தலைக்கு அக்கட்ட,
வாய்க்கால் ஓரத்து ஊரு.
பேரு வேண்டாம்.
வண்டி திரும்பும்போது
அந்த ஊர்ப் பலகையை நான் ஏறெடுத்தும் பாக்கல.

ஐம்பத்தேழுக்குப் பதினாலு.
அந்தப் பதினாலுல மூணு,
அவங்க பசங்க சிரிச்சுக்கிட்டே
கோட்டைத் தாண்டிக் கால் வெச்சதுல வந்தது.
அதையும் கழிச்சா
வேண்டாம், விடுங்க.

முதல் ஆல் அவுட்டுக்கு மேட்டைக் குத்தம் சொன்னோம்.
செம்மண்ணுல உருண்ட பசங்களுக்கு
நீல மேட்டு வழுக்கத்தான செய்யும்.
ரெண்டாவதுக்கு அம்பயரு.
மூணாவதுக்கு மத்தியானம் தின்ன புரோட்டா.
நாலாவது ஆனப்ப
குத்தம் சொல்ல ஒண்ணும் மிச்சமில்லாம
எட்டுப் பேரும் குனிஞ்சு செல்லைப் பாத்தோம்.

மைக்குக்காரருக்கு என்ன மரியாதைங்கறீங்க!
"வெள்ளகோவிலிலிருந்து வெகுதூரம் வந்து
ஆட்டத்தைச் சிறப்பித்த அன்பு நெஞ்சங்களே"ன்னாரு.
அதுக்கு நாலு வசவு வெச்சிருக்கலாம்.
ஆளுக்கொரு துண்டு போத்தி அனுப்புனாங்க.
ஓரத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது,
எங்க பக்கத்துத் தறியில ஓட்டுனது.
நெசவு நல்லா இருந்துச்சு.
அதுவும் எரிச்சல்.

மௌலியைத்தான் எச்சாத் திட்டுனேன்,
கோட்டோரம் நின்னு, கழுத்து நரம்பு பொடைக்க,
"பாடப் போறியா, பொண்ணு பாக்கப் போறியாடா?"
பதினோரு தடவை பாடிப் போனான்.
ஒம்பது தடவை
அஞ்சாறு பேருக்கு அடியில கெடந்து
கையை மட்டும் நடுக்கோட்டுக்கு நீட்டுனான்.
ஒரு சாண் இருக்கும்.
ஒவ்வொரு தடவையும்
அதே ஒரு சாண்.

மாயனூர்கிட்ட சம்சாரம் கூப்புட்டா.
"என்னாச்சுங்?"
"சிக்னல் இல்ல" ன்னேன்,
அவ மூச்சு விடறதுகூடக் கேக்கறப்பவே.
"அப்பத் தோத்தாச்சு.
சோத்தை மூடி வெச்சுட்டுப் படுக்கறேன்."

ஏஸ் வண்டியில பதினெட்டுப் பேரு.
என் மடியில பத்தாயிரம் வாலா சரவெடி,
என் காசுல வாங்குனது.
"பீடி பத்த வெச்சீன்னா எறக்கி விட்டுருவேன்"னு
சாமியப்பன் ரெண்டு தடவை திரும்பிச் சொன்னான்.
கரூர் பைபாஸ்ல டீ.
சர்க்கரை பத்தலைன்னு சொல்லக்கூட
ஒருத்தனும் வாய் தொறக்கல.

க.பரமத்தி வர்றதுக்குள்ள
மௌலிக்குன்னு மனசுக்குள்ள ஒரு பேச்சுத் தயார் பண்ணிட்டேன்.
எடது காலை முன்னால விடாதேன்னு
எத்தனை ஞாயித்துக்கெழமை சொல்லியிருப்பேன்,
அதுல ஆரம்பிச்சு
அவங்கப்பன் வாங்குன கடன் வரைக்கும்.
பேச்சு முடிஞ்சு தொண்டையைச் செருமுனா
பையன் என் தோள்மேல தூங்கிட்டான்.
ஜெர்சி ஈரம் சட்டையைத் தாண்டி எறங்குது.
முழங்கையில மேட்டு தேய்ச்ச செவப்பு.
தைல வாசம்.
காலு ஒருக்கா ஒதறுச்சு.
கை நீண்டு வந்து
சரவெடிப் பையைத் தொட்டு நின்னுச்சு.

தென்னிலைக்கு முன்னாலயே
எடது கை மரத்துப் போச்சு.
கோவம் போயிருச்சுன்னு நெனைக்காதீங்க.
கோவம் அப்படியேதான் இருந்துச்சு.
கையை எடுக்கல, அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்றரைக்குத் தறிக் குடோனைத் தொறந்தேன்.
பரண்மேல வெடியை வெக்கப் போனா
ஊதியூருக்கு வாங்குனது ஒண்ணு,
மூலனூருக்கு வாங்குனது ஒண்ணு,
காயிதம் பிரிக்காம
எனக்கு எடம் விட்டுப் படுத்திருக்குது.

காலையில மூணையும் அள்ளிட்டுப் போயி
சிமெண்ட் சீட்டுமேல பரப்புனேன்.
"நமுத்துப் போனதெல்லாம் வெடிக்குமாக்கும்?"
கீழ நின்னு கேக்கறா.
வர்ற ஞாயிறு தாராபுரம்.
அதை நான் சொல்லல.

"வெயில் நல்லாத்தான் அடிக்குது" ன்னேன்.