சி படிவம்

மாடியில் வெளிநாட்டுக்காரி குடிவந்தால்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள்
போலீசுக்குச் சொல்லிவிட வேண்டுமாம்.
கம்ப்யூட்டர் கடைப் பையன் கேட்டான்:
வந்த காரணம்?
இங்கிலீஷ், என்றேன்.
சிரித்துக்கொண்டே 'வேலை' என்று தட்டினான்.

பெயர் மரிசெல்.
ஏழாயிரம் தீவில் ஒன்று தன் ஊர் என்றாள்.
எங்கள் கடலில் இருபத்தொன்று,
ஒன்றிலும் ஆள் கிடையாது.

வெளிநாட்டு ஆசிரியை என்று
கீழக்கரை முழுக்க ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது பள்ளிக்கூடம்.
பிள்ளை சேர்க்க வந்த மாமிகள்
அவள் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள்,
பின்னால் வெள்ளைக்காரி வருகிறாளா என்று.
'நம்ம நிறந்தானே இது'
வாசலிலேயே மார்க் போட்டுவிட்டுப் போனாள் ஜுனைதா மாமி.

அவளுக்குத் தெரிந்த தமிழ்:
தண்ணி வந்துச்சா.
கரண்ட் போச்சு.
போதும் லாத்தா.

ஆனால் மீன் கூடை இறங்கினால்
செவுளை விரித்துப் பார்க்கத் தமிழ் எதற்கு?
நேற்றுப் பிடித்த சீலாவை
அவளிடம் விற்க முடியாது.
ஒருநாள் கிண்ணத்தில் கொண்டுவந்தாள்,
வினிகரில் ஊறிய பச்சை மீன், இஞ்சி, வெங்காயம்,
அடுப்பே காட்டாமல்.
வாங்கிக்கொண்டு,
அவள் படியேறும் சத்தம் ஓய்ந்ததும்
தாளித்து வதக்கித் தின்றேன்.
நல்லாயிருந்துச்சு என்று மறுநாள் சொன்னது
பொய் இல்லை.

மச்சான் பதினொரு வருஷமாக ஷார்ஜாவில்
கட்டிலுக்கு வாடகை கொடுக்கிறார், அறைக்கு அல்ல.
மேல்கட்டிலில் அவள் நாட்டுக்காரர் ஒருவர்.
போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி
'குமுஸ்தா' என்றார்.
கச்சான் காற்றையும் மீறிக் கேட்டது அவள் சிரிப்பு.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றார் பிறகு,
மிச்சமெல்லாம் வைகிற வார்த்தை.

அவளுக்கு மணி ரெண்டரை முன்னால்,
எனக்கு ஒன்றரை பின்னால்.
பள்ளி விட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல்
மாடிப்படியில் உட்கார்ந்து மகனைக் கூப்பிடுவாள்.
விழுந்த பல்லை
கேமராவில் ஒட்டி ஒட்டிக் காட்டுவான் பையன்,
திரை முழுக்க வெள்ளை.
இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்பாள்,
எந்தப் பாஷையிலோ.

தூரத்தில் இருக்கிற யாருக்காவது
கடிதம் எழுதுங்கள் என்றாளாம் ஏழாம் வகுப்பில்.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளும்
தங்களுக்குத் தெரிந்த ஒரே கடிதத்தை எழுதின.
மதிப்பிற்குரிய ஐயா,
எனக்குக் கடுமையான காய்ச்சல்.
கட்டை மடியில் வைத்துக்கொண்டு
கண்ணில் நீர்வரச் சிரித்தாள்.
ஷிஃபானா தாள் வந்ததும்
சிரிப்பு எங்கேயோ இறங்கிக்கொண்டது.
எனக்காக மெதுவாகப் படித்தாள்,
தெரிந்த சொல்லையெல்லாம் பிடித்துக்கொண்டே போனேன்.

மதிப்பிற்குரிய ஐயா,
என் வாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை.
ஆனாலும் பத்து நாள் லீவு தந்து உதவவும்.
பெருநாளைக்குள் என்றால் நல்லது.
இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவி.

பத்துக்கு எத்தனை போட, லாத்தா?
எட்டாவதில் நின்றவளிடம் கேட்கிறாள்.
பிழை ரெண்டு இருக்கு என்றாள்.
சிவப்புப் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
அதற்குள் தண்ணி லாரி ஹாரன் அடித்தது.
குடம் பதினைந்து ரூபாய் ஆகிவிட்டது.
அவள் இடுப்பில் வைக்கப் பழகவில்லை,
இன்னும் தலையில்தான் தூக்குகிறாள்.
தெருவே நின்று பார்க்கிறது.

குடத்தை இறக்கும்போதுதான் ஞாபகம் வந்தது,
அன்று அந்தப் பையன் கேட்ட இன்னொரு கேள்வி:
எத்தனை நாள் தங்குவாங்க?
அதை விட்டுடு தம்பி என்றேன்.
சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கு லாத்தா,
காலியா விட முடியாது என்றான்.
மச்சான் முதல்முறை கிளம்பும்போது
வாசலில் நின்று சொன்ன கணக்கையே சொன்னேன்.
ரெண்டு வருஷம்.