பொய்த் துடக்கு

பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில்
பதினொரு வருடமாய்
இடுக்கியால் முள்ளுப் பூட்டுகிறவள் நான்.
விநாடி முள்ளை வைக்கையில் மூச்சு விடக் கூடாது.
அதனால்
தட்டத்தில் கிடந்ததைக் காட்டி
"சின்னச் சாமான்தான்" என்று டாக்டர் சொல்ல
எனக்குச் சிரிப்பு வந்தது.
சின்னச் சாமான்களின் குணம் எனக்குத் தெரியும்.

'தே' எழுத்து மாதிரி இருக்கும், என்றா.
தேத்தண்ணியின் தே.

இருமச் சொன்னா. இருமினேன்.
அடிவயிற்றுக்குள் யாரோ
நனைந்த சீலையைப் பிழிந்தார்கள்.
கண்ணைத் திறந்தால் கூரையில் ஒரு படம்,
பனிமலையும் ஒரு பசுவும்.
அந்தப் பசுவை
நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போகும்போது ஒரு அட்டை தந்தார்கள்.
மாற்றவேண்டிய திகதி எட்டு வருடம் தள்ளி.
மகளுக்கு அப்போது இருபது.
பஸ் அட்டைக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

முதல் நாலு மாதம்
கோப்பி நிறத்தில் ஓயாத கசிவு.
நாற்பத்தொரு வயதில் நாடியில் பரு.
மகளும் நானும் ஒரே களிம்பு.
குளியலறைத் தண்ணி இறங்காமல் நிற்க
கம்பி விட்டு இழுத்தால்
எல்லாம் என் மயிர்.

மிரேய் தன்னுடையதை எடுத்துவிட்டாள்.
ஒரு குளிர்காலம் முழுக்கக் காரணமில்லாமல் அழுதாளாம்.
எடுத்த கிழமை, ஏரிக்கரையில் நிற்கையில்
திடீரென்று பாணுக்குப் பசித்ததாம்.
"அதாலயோ, குளிராலயோ, தெரியாது" என்றாள்.
செனாய்த்தின் புருசனுக்கு
நூல் குத்துகிறதாம்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
மேற்பார்வையாளர் எழும்பி வந்தார்.
மூன்று பாசையிலும் குனிந்துகொண்டோம்.

ஐந்தாம் மாதம் ஒன்றுமே வரவில்லை.
பதின்மூன்று வயதிலிருந்து கூட வந்தது,
முகாமில் துணி கிடைக்காத நாளிலும்
எல்லை தாண்டிய லொறிக்குள்ளும்
தவறாமல் வந்தது,
சொல்லாமல் போய்விட்டது.
சந்தோசப்பட்டேன்.
பிறகு மருந்துக்கடையில் சோதனைக் குச்சி ஒன்று வாங்கினேன்.
பிறகு இன்னொன்று.
ஒரு கோடுதான்.

கோயில் சமையல் முறைக்கு
தவமலர் அக்கா போன் எடுத்தா.
"வெள்ளிக்கிழமை வருவீரோ, இல்லாட்டி துடக்கோ?"

மாதத்தில் எனக்கென்று இருந்தது அந்த மூன்று நாள்.
அண்டா தூக்காத,
நூற்றைம்பது பேருக்கு வெங்காயம் வெட்டாத,
புருசன் தானாய்க் குசினிக்குள் போகிற மூன்று நாள்.
ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக
அதையும் விடுவதா?

"துடக்கு அக்கா" என்றேன்.
நாக்குத் தடுமாறவில்லை.

அன்றுமுதல் கலண்டரில்
சிவப்புப் புள்ளியை நானே வைக்கிறேன்.
ஒருமுறை இருபத்தேழில், ஒருமுறை முப்பதில்.
தேருக்கு மட்டும் வைக்கமாட்டேன்.
தேர் பார்க்க எனக்கு விருப்பம்.

தவபாலனுக்குத் தெரியும்.
"இந்தமுறை கொஞ்சம் கெதியா வந்திட்டுது போல" என்பார்
அடிப்பிடித்த பருப்பைக் கிண்டியபடி.
சாப்பிடுவோம்.

போன மாதம் கோயில் வாசலில்
செருப்பைக் குனிந்து எடுக்கையில்
பையிலிருந்து விழுந்தது அட்டை.
எடுத்தது தவமலர் அக்கா.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
திகதிவரைக்கும் வாசித்தா.
ஒன்றும் கேட்காமல்
என் கைக்குள் வைத்தா.

வியாழன் இரவு போன்.
எனக்கு மூச்சு விட முடியவில்லை.

"நாளைக்கு உமக்குத் துடக்கு எண்டு எழுதிப்போட்டன்.
எனக்கும்."

"அப்ப வெங்காயம்?"

"ஆம்பிளையள் அழட்டும் ஒருக்கா."

அவவுக்கு வயது
அறுபத்திரண்டு.