எட்டாம் நம்பர் கம்பி

கிடா என்னை முட்டவில்லை.
ரான்ஃபர்லி பெட்ரோல் பங்க்கில்
அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.
கிடா கேட்டை முட்டியது, கேட் என்னை முட்டியது.
வரிசையில் நான் கடைசி.

தம்பி நெவில் எதிரே நின்றிருந்தான்.
அவனிடம் ஒரு சொல் சொல்ல வாய் திறந்திருந்தேன்.
திறந்திருந்ததால்தான் இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று என்றார்
டனீடின் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபலேஓலோ.
மூடியிருந்தால் பல்லோடு பல் தாங்கியிருக்குமாம்.

ஆறு வாரம் என்றார்.
மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பி.
இருபத்தேழு வருஷம் வேலி கட்டியவள் நான்.
முறுக்கிய முனையை மடக்கிவிட வேண்டும்,
இல்லாவிட்டால் ஆட்டின் தோல் கிழியும்.
அவரும் மடக்கித்தான் விட்டார்.
பாராட்ட வாயில்லை.

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கம்பிவெட்டி.
வாந்தி வந்தால் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால்
மூச்சு முட்டிச் சாவு.
அது எட்டாம் நம்பர் வேலிக் கம்பியை வெட்டாது.
முயன்று பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமைதோறும் பக்கத்துப் பண்ணை மெர்ல்
வடிகட்டிய பூசணி சூப்போடு வந்து
இருவருக்குமான பேச்சையும் அவளே பேசுகிறாள்.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு, ரேவின், என்கிறாள்.
வேறெப்படி இருப்பேன்.

ஆறாம் வாரம் படம் எடுத்தார்கள்.
இடது பக்கம் கூடிவிட்டது.
வலது பக்கம் வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு,
ஜூன் மாதக் குட்டையில்
பனிக்கட்டி விரிந்த மாதிரி.
புகைப்பீர்களா என்றார்.
கம்பி இடுக்கில் புகை நன்றாகவே போகும் என்று
எழுதிக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
இன்னும் ஐந்து வாரம்.

ஜில்லுக்கு என் விசில்தான் மொழி.
இடது பக்கம் போக ஒரு வளைவு, வலது பக்கத்துக்கு இரண்டு,
நிற்பதற்கு ஒரே நீளம்.
இப்போது உதடு குவிகிறது, ஒலி வரவில்லை.
கையை ஆட்டினேன்.
அரை மைல் தள்ளி, முந்நூறு ஆடுகளுக்குப் பின்னால்,
என் கையைப் பார்க்காமல்
முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் அந்த நாய்.
ஆடுகள் தங்களுக்குத் தோன்றிய வழியில் வீட்டுக்கு வந்தன.
எல்லாம் அல்ல.

பண்ணையில் பாதி நெவிலுடையது.
பைன் மரம் நடுகிற கம்பெனிக்கு விற்றுவிட வேண்டும் அவனுக்கு.
எட்டாம் வாரம் கம்பெனி ஆளோடு வந்து
என் சமையலறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து,
'ரேவினுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை' என்றான்.
மௌனம் சம்மதமாம்.
ஐம்பத்தொரு வருஷம் நான் பேசியதற்கு
அவனிடம் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஆட்டு மருந்து பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்:
நான் இன்னும் சொல்லவில்லை.
படித்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
கம்பெனி ஆள் ஜன்னல் வழியே
மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
ஏற்கெனவே மரம் எண்ணுகிறவர் போல.

ஒன்று மட்டும் நெவிலுக்குத் தெரியாது.
அன்றைக்கு அந்தக் கேட்டடியில்
நான் சொல்ல வாயெடுத்தது
சரி என்றுதான்.
முழங்கால் போய்விட்டது, கம்பளி விலை போய்விட்டது,
சரி, விற்றுத் தொலை.
பாதிச் சொல் வெளியே வருமுன் கேட் வந்துவிட்டது.

அதைத்தான் பதினோரு வாரமாக மெல்லாமல் வைத்திருக்கிறேன்.
காலையில் ஒரு ருசி, உறைபனியில் வாளியோடு நடக்கும்போது வேறு ருசி.
எலும்பு அவசரப்படவில்லை.
நானும்.

நேற்றுக் கம்பியை எடுத்தார்கள்.
தட்டில் விழுந்தபோது வேலித் துண்டு மாதிரியே சத்தம்.
வாய் ஒரு விரல் அகலம் திறக்கிறது.
ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லுக்கிடையே அடுக்கி,
நாளுக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போக வேண்டுமாம்.
ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஓடவிட்டபடி நெவில்.
ஹீட்டர் போட்டு வைத்திருந்தான். அது அவன் வழக்கமில்லை.
'என்ன சொல்றே?' என்றான்.
கையில் இருந்த குச்சிகளைக் காட்டினேன்.
எண்ணத் தொடங்கினான்.

இன்று காலை ஜில்லுக்கு விசில் அடித்தேன்.
வந்தது விசில் இல்லை, கெட்டில் மூடி சத்தம்.
காதைத் தூக்கினாள். யோசித்தாள்.
இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை.
உறைந்த புல்லில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

ஏழு குச்சி.