வேற ஏதும் இருக்கா

புதுவயல் ஆலையில் கலர் சார்ட்டர் வந்திறங்கியபின்
ஒவ்வொருவராகப் பதினொரு பேருக்கு
நான் கணக்கு முடித்தேன்.
கறுப்பரிசியைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிய ஏழு பெண்கள்.
மூட்டை தைக்கும் இருவர்.
பாய்லருக்கு உமி தள்ளும் அடைக்கலம்,
அவர் மச்சினன்.

பி.எஃப். படிவம், பாக்கி விடுப்பு, போனஸ்,
ஒரு காசு பிசகவில்லை.
பிசகக் கூடாது,
காசைக் கூட்டியே பெயரெடுத்த சீமை இது.
ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காகக் கையெழுத்து:
“எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்து சேர்ந்தது.”
அந்த வரியை டைப் செய்தது நான்.

ஒரு சனிக்கிழமை அடைக்கலம் வந்தார்.
புருவத்தில் உமிச் சாம்பல்.
கவரைப் பிரித்து எண்ணவில்லை,
சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.
போகாமல் நின்றார்.
“வேற ஏதும் இருக்கா தாயி?”
“அவ்வளவுதாண்ணே.”

இருந்தது.
ஆலைக் காலண்டருக்குப் பின்னால், அதே ஆணியில்,
இ.எஸ்.ஐ.யிலிருந்து வந்த சுற்றறிக்கை.
வேலை போனவருக்குச் சில மாதம்
சம்பளத்தில் ஒரு பங்கு.
கேட்டால் கிடைக்கும், கெடுவுக்குள் கேட்க வேண்டும்,
கேட்பதற்கு, இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.
ஒவ்வொரு மாதத் தாளைக் கிழிக்கும்போதும்
அதன் ஓரம் என் விரலில் பட்டிருக்கிறது.

மேனேஜர் வயிரவனிடம் முன்பே கேட்டிருந்தேன்.
“நம்மளச் சொல்லச் சொல்லி அதுல எங்கம்மா இருக்கு?
கேட்டா சொல்லு.”
தேடிப் பார்த்தேன். அப்படியொரு வரி இல்லைதான்.
ஆனால் அடைக்கலம் கேட்டாரே.
அதைவிட எப்படிக் கேட்பது?
திட்டத்தின் பெயர் சொல்லியா, படிவத்தின் எண் சொல்லியா?
தெரியாத ஒன்றை
எந்தப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்?

கார்த்திகையில் காரைக்குடிச் சந்தையில் பார்த்தேன்.
லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.
கீரைக்காரர்கள் பக்கமாக நழுவிவிட வழி இருந்தது.
நழுவவில்லை. சொன்னேன்,
காலண்டர் வரைக்கும் சொன்னேன்.

திட்டவில்லை அவர்.
திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன்,
அதோடு தீர்ந்திருக்கும்.
“எம்புட்டு வந்திருக்கும் தாயி?”
மனக்கணக்காகச் சொன்னேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
“அவ தோட்ட வச்சு வாங்குனதும் அம்புட்டுத்தான்,”
என்றார், வெங்காய விலை சொல்வதுபோல.
“வட்டி தனி.”

சாக்கை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு
இரண்டடி போனவர் திரும்பினார்.
“மத்தவுகளுக்கு நாள் இருக்கா?”

இருவருக்கு இருந்தது.
கடைசி லோடு போகும்வரை நிறுத்திவைத்திருந்த
தையல்காரர்கள். எட்டு நாள்.
பதிவேட்டில் அவர்கள் போன் நம்பருக்கான கட்டத்தில்
ஆலையின் நம்பர் இருக்கிறது.
அவசரத்தில் நிரப்பியவள்
வேறு யாருமில்லை.

பஸ் சாக்கோட்டையைத் தாண்டிவிட்டது.
கைப்பையில் சுற்றறிக்கை,
ஆணி இருந்த இடத்தில் ஓட்டை.
ஊர்ப் பெயர் மட்டும் தெரியும்.
இறங்கி யாரையாவது நிறுத்திக் கேட்க வேண்டும்,
மூட்டை தைக்கிற செபஸ்தியான் வீடு
எந்தப் பக்கம் என்று.