குமிழில் ஒன்று, பெட்டியில் இரண்டு

புதுப்பேட்டை கமாலுதீன் கடையில்
ஆக்சில்களுக்கும் ஹாரன்களுக்கும் நடுவே
துணியிழந்த குடைபோலச் சாய்ந்து கிடந்தது.
எந்த வண்டியின் தரை கியர் என்று அவருக்கே தெரியவில்லை.
"கப்பல்ல வந்தது மேடம், அவ்ளோதான்.
எடை போட்டுக் குடுக்கவா, வெல சொல்லவா?"
எடைக்கே வாங்கினேன். இரண்டு கிலோ நூற்றைம்பது.
கறுப்புக் குமிழ். வெள்ளையாய்ச் செதுக்கிய நான்கு எண்கள்.
யாரோ ஒருவரின் உள்ளங்கை
ஒன்றை மட்டும் பாதி தின்றிருந்தது.

பகலில் நான் எலும்புகளைப் படம் எடுக்கிறவள்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று
ஒரு நாளைக்கு எண்பது முறை சொல்கிறேன்.
தண்டின் அடியிலிருந்த உருண்டையை
அதன் கிண்ணத்தோடு பார்த்ததும் தெரிந்துவிட்டது:
இடுப்பு மூட்டு.
தேய்மானம் உண்டு, முறிவில்லை.
நைலான் வளையம் மாற்றினால் நடக்கும்.

லேண்ட்மாஸ்டரின் கூரையை நாலு அங்குலம்
தாழ்த்தியது போன வருடம்.
பானெட்டை எடுத்தது தீபாவளிக்கு முன்.
ஸ்டீயரிங்கின் கழுத்தில் தொங்கிய பழைய கியர்
மூன்றாவதில் விழாது, விழுந்தால் எழாது.
ஈகா சிக்னலில் ஒருமுறை என்னை அழவைத்தது.
பின்னால் நின்ற 27பி டிரைவர் சாட்சி.

தரையை வெட்ட வேண்டும்.
கல்யாணப் பத்திரிகை அட்டையில் அளவெடுத்தேன்.
மாப்பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை வந்தது.
எபினேசர் கிரைண்டரை வைத்தான்.
பொறி சீட்டுக்கடியில் ஓடி
எப்போதோ எவரோ சிந்திய கடலையைக் கருக்கியது.
வேலை முடியும்வரை ஷெட்டெல்லாம் பீச் வாசம்.

இரண்டாவதில் தண்டு சீட்டை முட்டியது.
காய்ச்சினோம். சிவந்தது.
பைப்பில் செருகி வளைத்தோம்.
இன்னும் கொஞ்சம்.
போதுங்க்கா.
இன்னும்.
உடைஞ்சிரும்க்கா.
அன்னத்தின் கழுத்து என்று எழுத ஆசைதான்.
ஒட்டகத்தின் முழங்கால்.

ராத்திரி ஒன்றரை, லாங்ஸ் கார்டன் சாலை.
கூவம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஒன்றில் போட்டேன், கிளட்சை விட்டேன்,
வண்டி முதுகை உலுக்கிச் செத்தது.
மறுபடி.
மறுபடி.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எபினேசர் அடியில் புகுந்தான்.
முதலில் சிரிப்பு வெளியே வந்தது, பிறகு அவன்.
"நாம போட்ட நெம்பு தலைகீழா தள்ளுதுக்கா.
மேல போனா கீழ, கீழ போனா மேல.
ஒண்ணுன்னா ரெண்டு. மூணுன்னா நாலு."

அதற்குள் ரோந்து ஜீப்.
ஓரங்கட்டச் சொன்ன ஏட்டு, வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு
"தள்ளுங்க, நானே எடுக்கறேன்" என்று ஏறினார்.
குமிழைப் படித்தார். படித்தபடி செய்தார்.
உலுக்கிச் செத்தது.
மூன்றாம் தடவை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
ஆர்.சி. புக் கேட்டார். இருந்தது.
கூரை உயரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவும் இல்லை.

திருத்திவிடலாம்.
நடுவில் இன்னொரு நெம்பு, இரண்டு பின்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை.
எபினேசர் அரம் எடுத்துவந்தான்,
எண்களையாவது தேய்த்துவிடலாம் என்று.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றதற்குப் பதில் வரவில்லை.
முழங்காலைப் பிடித்துக்கொண்டே உள்ளே வருவார்கள்.
முழங்காலைத்தான் எடுக்கச் சொல்லிச் சீட்டும் இருக்கும்.
படத்தில் முழங்கால் குழந்தையுடையதுபோல் இருக்கும்.
நோவு இடுப்பில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது கை கண்ணைக் கேட்பதில்லை.
நேற்று கோயம்பேடுவரை நான்காவதில் போனேன்.
மூன்று என்றது குமிழ்.
சொல்லிக்கொள்ளட்டும்.

ஹாண்ட்பிரேக் இன்னும் பிடிக்கவில்லை.
சரிவில் நிறுத்தினால்
பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல் வேண்டும்.
செங்கல் டிக்கியில் இருக்கிறது.