மூன்றாம் வரிசை

ஏழு பேர், தாராளமாக என்றான் விற்றவன்.
முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு.
விரல் மடக்கி எண்ணியும் காட்டினான்.
யாருடைய கால்களை வைத்து அளந்தார்கள் என்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

ஐனார் பொத்தானை அழுத்தினார்.
கடைசி வரிசை தலை குனிந்து
தரையோடு தரையாய்ப் படுத்துக்கொண்டது.
வேண்டாதபோது இருக்கிற இடமே தெரியாது,
அதுதான் இதில் விசேஷம்
என்றான் விற்றவன்.

நடுவில் எங்கள் மூன்றும்.
இரட்டையருக்கு இரண்டு குழந்தை இருக்கைகள்,
அவற்றுக்கிடையே அப்பளம்போல் டாரன்.
பின்னால், ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில்,
ஐனாரின் முதல் கல்யாணத்துப் பிள்ளைகள்:
சிக்னிக்குப் பதினான்கு, லெய்ஃபுக்கு ஒன்பது.

செல்கர்க்கில் ஒரு டோனட் கடை வாசல்.
வின்னிபெக்கிலிருந்து அவர்கள் அம்மா,
கிம்லியிலிருந்து நாங்கள்.
இரண்டு கார்களும் இன்ஜினை அணைப்பதில்லை.
பிள்ளைகள் இறங்கி ஏறுவார்கள்,
டாரன் முனகிக்கொண்டே முழங்காலை ஒதுக்குவான்.
வெள்ளி மாலை எழும் இருக்கைகள்
ஞாயிறு இரவு மடியும்.

அவை எழுந்தால் டிக்கியில் மிச்சம்
நான்கு பால் பை வைக்கிற அகலம்.
லெய்ஃப் கோல்கீப்பர்.
அவன் ஹாக்கிப் பையில் அவனையே படுக்க வைக்கலாம்.
அவன் வந்தால் அவன் பைக்கு இடமில்லை,
பைக்கு இடம் விட்டால் அவனுக்கில்லை.
இருவர் மடியிலும் குறுக்கே கிடத்துவோம்,
ஈர வியர்வை நாற்றத்தோடு
ஒன்றரை மணி நேரம்.
சிக்னி ஒன்றும் சொல்லமாட்டாள்.
முட்டி தாடையில் இடிக்க
வெளியே வெள்ளையாய் ஓடும் வயலைப் பார்ப்பாள்.
பொறுமைசாலி என்று நான்
என் அக்காவிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரியில், மைனஸ் முப்பத்தொன்றில்,
ஆட்டத்தில் அவள் முட்டி பிசகிக் கட்டுப் போட்டது.
மடக்க முடியாத காலை முன்னிருக்கையில் நீட்டினாள்.
நான் இரட்டையரைத் தாண்டி
நாலு காலில் தவழ்ந்து பின்னால் போனேன்.

அங்கே யாருக்கும் முகமில்லை, பிடரிதான்.
ஐனார் ஏதோ சொல்ல முன்னால் சிரித்தார்கள்.
என்னிடம் வந்தது சிரிப்பு மட்டும்.
ஹீட்டர் காற்று நடு வரிசையோடு நின்றது.
கண்ணாடியின் உட்புறம் உறைபனி.
என்ன? என்று இரண்டு தடவை கேட்டேன்,
மூன்றாவது தடவை கேட்கவில்லை.

பிறகுதான் பார்த்தேன்,
கைப்பிடிக்குக் கீழே, பிளாஸ்டிக்கில்,
பால்பாயின்ட் கோடுகள்.
நான்கு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே.
எண்ணினேன். அறுபத்து மூன்று.
அதற்கடியில் கோணல் கையெழுத்தில்
ஒரே சொல்: நானும்.
பக்கத்தில் லெய்ஃப் பை மேல் தலை வைத்து
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு இரவு ஐனார் டிக்கியைத் திறந்தார், மடிக்க.
இருக்கட்டும் என்றேன்.
நாளைக்கு மளிகை வாங்கணுமே?
இருக்கட்டுமே.

திங்கள்கிழமை பத்துக் கிலோ உருளைக்கிழங்கை
சிக்னியின் இருக்கையில் தூக்கி வைத்தேன்.
தெரு திரும்பும் முன்பே கார் கத்தத் தொடங்கியது:
பின்னால் யாரோ பெல்ட் போடவில்லை.
ஓரம் கட்டி, பனியில் இறங்கி,
கதவைத் திறந்து, நடுவில் புகுந்து,
மூட்டைக்குப் பெல்ட் மாட்டினேன்.